சஷ்டி விரதம், கைல ஒட்டுன சென்சார், 12,999 ரூபா பேக்கேஜ்: சுகர் இருக்கறவ எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், கம்பெனி பேரு எதுவும் போடப்போறதில்ல. குறை நிறைய சொல்லப்போறேன், அதுவும் எனக்கு நடந்தது மட்டும்தான் எனக்கு தெரியும், இன்னொருத்தருக்கு நல்லபடியா போயிருக்கலாம். எனக்கு வயசு 51, சுகர் வந்து 9 வருஷம், டைப் 2, இன்சுலின் இல்ல மாத்திரைதான். வடபழனில வீடு, அசோக் நகர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. ஆடில ஒரு சென்சார், ஐப்பசில ஒரு சென்சார்னு ரெண்டு போட்டாச்சு, ஆடில போட்டது ஒரு "சுகர் ரிவர்ஸல்" பேக்கேஜோட சேர்ந்து வந்தது. ரெண்டையும் சேத்துதான் எழுதறேன், தனித்தனியா எழுதினா கதை புரியாது.

சென்சார்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஒரு ரூபா காயினை விட கொஞ்சம் பெருசா ஒரு வெள்ளை வில்லை, மேல்கை பின்பக்கம் ஒட்டிக்கணும். ஒட்டறதுக்கு ஒரு கப் மாதிரி தர்றாங்க, அதை கைல வெச்சு அழுத்தினா "டக்"னு ஒரு சத்தம், அவ்ளோதான். எறும்பு கடிச்ச அளவுக்குக் கூட வலிக்கல, ஆனா அந்த சத்தத்துக்கு எங்க வீட்டுக்காரர்தான் என்னை விட ஜாஸ்தி பதறிட்டார். ஊசி உள்ள நிக்காது, முடி மாதிரி ஒரு இழை மட்டும் தோலுக்கு அடியில இருக்கும். அது 14 நாள் ராப்பகலா சுகரைப் பார்த்து போனுக்கு அனுப்பிட்டே இருக்கும், கிராஃபா வரும், பக்கத்துல அம்புக்குறி இருக்கும், ஏறுதா இறங்குதான்னு.

வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க, உங்க போன்ல என்எஃப்சி இருக்கா இல்லையா. எனக்கு வந்த மாடல்ல முதல் தடவை போனை கை கிட்ட கொண்டு போய் ஸ்கேன் பண்ணாதான் ஸ்டார்ட் ஆகும், என் போன்ல அது இல்ல, டப்பாவைப் பிரிச்சு கைல ஒட்டினதுக்கு அப்புறம்தான் இது தெரிஞ்சுது. பையன் போனைப் பிடுங்கி ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் 14 நாளும் அவன் என் பழைய போனை வெச்சுகிட்டு மூஞ்சிய தூக்கிட்டே காலேஜ் போனான். போன் வேற ரூம்ல இருந்தா "சிக்னல் இல்லை"ன்னு அது வேற கத்தும். குளிக்கப் போகும்போது ஒரு தடவை, மொட்டை மாடில துணி காயப்போடும்போது ஒரு தடவை. அத்தை ஒரு நாள் கேட்டே கேட்டுட்டாங்க, "ஏம்மா அது உனக்கு சுகர் பாக்குதா இல்ல உன்னை காவல் காக்குதா?"

அடுத்தது ஜாக்கெட். எந்த ரிவ்யூலயும் இதை யாரும் எழுதல, ஆம்பளைங்களே எழுதறதால இருக்கும். மேல்கை பின்பக்கம் ஒட்டச் சொல்றாங்க, நம்ம ஜாக்கெட் கை கரெக்டா அங்க வந்துதான் முடியுது. கழட்டும்போது விளிம்பு மாட்டி இழுக்கும். முதல் சென்சார் 9வது நாள் பாதி பிச்சுகிட்டு வந்துடுச்சு, ஆடி மாச புழுக்கத்துல வேர்வை வேற, 17டி பஸ்ல ஏறும்போது ஒரு ஆளோட பேக் உரசுனது வேற. மெடிக்கல் ஷாப்ல மைக்ரோபோர் டேப் வாங்கி சுத்தி ஒட்டி சமாளிச்சேன். ரெண்டாவது தடவை புத்தி வந்து இன்னும் கொஞ்சம் மேல, உள்பக்கமா தள்ளி ஒட்டினேன், 14 நாளும் நின்னுது.

இப்ப பேக்கேஜ் கதைக்கு வரேன். 42 நாள், 12,999 ரூபா, அதுல ஒரு சென்சார் "ஃப்ரீ". சென்சார் தனியா வாங்கினா எனக்கு 4,900க்கு கிடைச்சுது, அதனால ஃப்ரீங்கறது எவ்ளோ ஃப்ரீன்னு நீங்களே பாத்துக்கோங்க. ஒரு கோச், ஒரு டயட் சார்ட், வாட்ஸ்அப் குரூப்பு. கோச் நல்ல பொண்ணுதான், 25 வயசு இருக்கும், ஒவ்வொரு மெசேஜுக்கும் மூணு கைதட்டல் போடும். முதல் ஒண்ணரை வாரம் எனக்கு நிஜமாவே உபயோகமா இருந்துச்சு, அதை மறைக்கக்கூடாது. காலைல நாலு இட்லி சாப்ட்டா எங்க போய் நிக்குது, அதையே ரெண்டு இட்லியும் ஒரு கப் சுண்டலுமா சாப்ட்டா எங்க நிக்குதுன்னு கண்ணால பாத்தேன். நாலு இட்லிக்கு 218, ரெண்டு இட்லி சுண்டலுக்கு 161. ஒன்பது வருஷமா டாக்டரம்மா வாயால சொன்னதை அந்த ஒரு கோடு சொல்லிடுச்சு.

ரெண்டாவது வாரக் கடைசில "டீப் ரீசெட்". 72 மணி நேரம் வெறும் தண்ணி. அதுக்கு முன்னாடி ஒரு கால் பண்ணி கோச் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், "மேம் நீங்க இன்சுலின் போடறீங்களா?" இல்லன்னேன். "அப்போ ஓகே மேம், மெடிசின்ஸ் எல்லாம் யூஷுவலா எடுத்துக்கோங்க." நானும் சரின்னுட்டேன், ஏன்னா நான் முக்கியமா போடறது மெட்ஃபார்மின், அது சாதாரண மாத்திரை, அதுல சுகர் அபாயமா கீழ இறங்காதுன்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். விரதம்னா எனக்கு பயமும் இல்ல, கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து சஷ்டி இருக்கறவ நான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு கடைசி சாப்பாடு. சனிக்கிழமை காலைல ஏழரைக்கு மாத்திரை, தண்ணி. பதினோரு மணி வாக்குல பாண்டி பஜார் போனேன், வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு வளைகாப்பு, கிஃப்ட் வாங்கணும். பதினொன்றரைக்கு மேல வேர்க்க ஆரம்பிச்சுது, வெயில்னு நினைச்சேன். அப்புறம் கை நடுங்குது, பர்ஸ் ஜிப்பைப் பிடிக்க முடியல. கடைக்காரர் 640ன்னு சொன்னது காதுல விழுது, ஆனா எத்தனை நூறு ரூபா எடுக்கணும்னு கணக்கு வரல. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கறவ, எனக்கு கணக்கு வரல! போன்ல பாத்தா 76, அம்பு நேர் கீழ. எழுபத்தாறுதானே, எழுபதுக்கு கீழ போனாதானே சுகர் ஆபத்தா குறைஞ்சுதுன்னு அர்த்தம்னு ஒரு செகண்ட் நினைச்சேன். பையில பழைய குளுக்கோமீட்டர் எப்பவும் இருக்கும், அங்கயே ஒரு கடை படிக்கட்டுல உக்காந்து விரல்ல குத்திப் பாத்தா 57.

சென்சார் பொய் சொல்லலைங்க, அது பாக்கறது ரத்தத்தை இல்ல, தோலுக்கு அடியில செல்லுக்கு நடுவுல இருக்கற தண்ணிய. ரத்தத்துல சுகர் மாறினா அந்தத் தண்ணிக்கு அது வந்து சேர பத்து நிமிஷம் பதினஞ்சு நிமிஷம் ஆகும். சுகர் நிதானமா இருக்கும்போது ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா காட்டும், சரசரன்னு விழும்போது சென்சார் பின்னாடி ஓடிவரும். அதனால அம்பு கீழ பாத்துதுன்னா நம்பரை நம்பாதீங்க, உடம்பை நம்புங்க, விரல்ல குத்திப் பாருங்க. இதெல்லாம் டப்பாக்குள்ள இருந்த பேப்பர்ல போட்டிருந்துச்சு, நான் படிக்கல. கோச்சும் சொல்லல.

பக்கத்துல ஒரு டீக்கடை. "அண்ணா டீ வேணாம், சக்கரை மட்டும் மூணு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுங்க"ன்னேன். அவர் ஒரு பார்வை பாத்தார், ஒண்ணும் கேக்கல, டீ கிளாஸ்ல வேகமா கலக்கிக் கைல குடுத்துட்டு ஸ்டூல எடுத்துப் போட்டார். "எங்க அம்மாக்கும் இப்படித்தான்மா ஆகும், உக்காருங்க." காசு வாங்கல. கால் மணி நேரம் கழிச்சு குத்திப் பாத்தா 83. அப்ப போன் டிங்குன்னுச்சு. கோச்சோட மெசேஜ், 16 மணி நேரம் முடிஞ்சுதாம், மூணு கைதட்டல். எனக்கு இப்படி ஆச்சுன்னு வாய்ஸ் நோட் போட்டேன், அதுக்கு பதில்: "டோண்ட் ஒரி மேம், பாடி டீடாக்ஸ் ஆகுது, நிறைய தண்ணி குடிங்க."

நான் வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டேன். சாப்ட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி 66. அப்பதான் இது வேற விவகாரம்னு தோணுச்சு.

காரணத்தைக் கண்டுபிடிச்சது யாருன்னா, எங்க அத்தைக்கு மாத்திரை கொண்டுவந்து குடுக்கற பொண்ணு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல ஆரம்பிச்ச கவர்மெண்ட் திட்டம், பிபிக்கும் சுகருக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை தருவாங்க. அடுத்த வாரம் அந்தப் பொண்ணு அத்தைக்கு பிபி பாக்க வந்தப்ப பேச்சுவாக்குல சொன்னேன். "உங்க மாத்திரை அட்டையக் காட்டுங்கக்கா"ன்னுது. வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு, பெரிய எழுத்துல இருக்கற பேரை விட்டுட்டு கீழ பொடி எழுத்தைப் படிச்சுது. "அக்கா இதுல ரெண்டு மருந்து இருக்கு. மெட்ஃபார்மின் 500, அதோட க்ளிமிபிரைட் 2. க்ளிமி இருந்தா சாப்பிடாம போடக்கூடாதுக்கா."

மூணு வருஷமா அந்த மாத்திரைய முழுங்கறேன். டாக்டரம்மா மாத்தும்போது "இது கொஞ்சம் பவர், சாப்பாட்டை ஸ்கிப் பண்ணாத"ன்னு சொன்னது அப்பதான் ஞாபகம் வருது. மெட்ஃபார்மின் தனியா இருந்தா கல்லீரலை அடக்கி வைக்கும், சுகரை தானா பாதாளத்துக்கு இறக்காது. க்ளிமிபிரைட் அப்படி இல்ல, நீ சாப்ட்டியா இல்லையான்னு அது பாக்காது, கணையத்தைக் கசக்கி இன்சுலினை வெளிய தள்ளும். ஒரு மாத்திரை கிட்டத்தட்ட நாள் முழுக்க வேலை செய்யும், நாலு மணிக்கு மறுபடி 66 ஆனது அதனாலதான். நம்ம ஊர்ல நிறைய பேர் போடறது இந்த மாதிரி ரெண்டு மூணு மருந்து சேத்த காம்பினேஷன் மாத்திரைதான், நாமளும் "சுகர் மாத்திரை"ன்னு ஒரே பேர்தான் சொல்றோம். இலவச மாத்திரை குடுக்க வந்த பொண்ணு அட்டைய வாங்கிப் படிச்சுது. பதிமூணாயிரம் வாங்கினவங்க அட்டைய போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு கூட கேக்கல. பேக்கேஜுக்கு என் ரேட்டிங் இவ்ளோதான், இதுக்கு மேல எழுத எனக்கு கோவம்தான் வரும்.

இல்ல, இன்னொண்ணு இருக்கு. அந்த குரூப்புல அடிக்கடி போடுவாங்க, ஸ்காட்லாந்துல ஒருத்தர் 382 நாள் சாப்பிடாம இருந்தார், உங்களால மூணு நாள் முடியாதான்னு. உண்மைதான், ஆங்கஸ் பார்பியேரின்னு ஒருத்தர், 1965-66ல டண்டீ ஊர்ல. ஆனா அவர் டாக்டருங்க கண்காணிப்புல, ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வந்துட்டு, விட்டமின் மாத்திரையும் உப்புச்சத்தும் எடுத்துகிட்டு இருந்தார். இன்னொரு போஸ்ட், இங்கிலாந்துல ஆராய்ச்சி பண்ணி சுகரையே ரிவர்ஸ் பண்ணிட்டாங்கன்னு. அது டைரக்ட்னு ஒரு ட்ரயல், 2017ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. பையன் தேடிக் குடுத்தான், நான் உக்காந்து படிச்சேன். அதுல யாரும் பட்டினி கிடக்கல, ஒரு நாளைக்கு 850 கலோரி மாதிரி கஞ்சி போல ஒரு பானம், மூணு மாசத்துக்கு மேல. ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்துச்சு, பெரிய விஷயம்தான். ஆனா சேத்துகிட்டவங்க எல்லாம் சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க, எனக்கு ஒன்பது ஓடிடுச்சு. அதை விட முக்கியம், முதல் நாளே அவங்க செஞ்ச வேலை சுகர் மாத்திரைய நிறுத்தினது. அந்த வரிய மட்டும் குரூப்புல யாரும் போடல.

ஐப்பசில சஷ்டி வந்துச்சு. இருக்கறதா வேணாமான்னு வீட்ல ஒரே விவாதம். வீட்டுக்காரர் "முருகர் உன்கிட்ட பட்டினி கேட்டாரா"ங்கறார், அத்தை "அவ எந்த வருஷம் விட்டா"ங்கறாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பாய் இருக்கார், அவருக்கும் சுகர், ரம்ஜானுக்கு முப்பது நாளும் நோன்பு பிடிப்பார். அவர்தான் சொன்னார், "நாங்க நோன்புக்கு ஒண்ணரை மாசம் முன்னாடியே டாக்டரைப் பாத்து மாத்திரைய மாத்தி எழுதி வாங்கிடுவோம்மா, விரல்ல குத்திப் பாத்தா நோன்பு முறியாது, எழுபதுக்கு கீழயோ முன்னூறுக்கு மேலயோ போனா அப்பவே திறந்துடணும்னு அவரே எழுதித் தர்றார்." எனக்கு வெக்கமா போச்சு. இத்தனை வருஷம் சஷ்டி இருக்கேன், ஒரு தடவை கூட டாக்டரம்மாகிட்ட வாயைத் திறந்ததில்ல, திட்டுவாங்கன்னு.

திட்டினாங்கதான். ஆனா சஷ்டிக்காக இல்ல, ஆடில பண்ண 72 மணி நேரத்துக்காக. க்ளிமி விஷயம் கூட அவங்களுக்கு ரெண்டாவதுதான், முதல்ல கேட்டது "டாபாவும் போட்டியா?" போன வருஷத்துலேர்ந்து டாபாக்ளிஃப்ளோசின் 10 ஒண்ணு போடறேன், அது சுகரை யூரின்ல தள்ற மாத்திரை. பட்டினி கிடக்கும்போது அதைப் போட்டா உடம்பு கொழுப்பை எரிச்சு எரிச்சு ரத்தம் அமிலமா மாறிடலாம், கீட்டோ அசிடோசிஸ்னு பேரு. "இதுல சுகர் நார்மலாவே காட்டும்மா, 130, 140னு சென்சார் அழகா கோடு போட்டுட்டு இருக்கும், நீ வாந்தி எடுத்துட்டு மூச்சு வாங்கிட்டு இருப்ப. 57 ஆனது உடனே தெரிஞ்சுது, டீக்கடைல சரியாச்சு. இது டீக்கடைல சரியாகாது." கைல இருக்கற சென்சார் இதைப் பாக்கவே பாக்காது, அது கீட்டோன்ங்கற அந்த அமிலத்தைப் பாக்கற சாமான் இல்ல. இதை ரிவ்யூல கண்டிப்பா எழுதணும்னு அன்னிக்கே முடிவு பண்ணேன்.

அப்புறம் கிட்னி ரிப்போர்ட் பாத்துட்டு, ஆறு நாளும் வெறும் தண்ணி கிடையாது, மிளகு விரதம் கிடையாது, ராத்திரி ஒரு வேளை சாப்பாடு, பகல்ல உப்பு போட்ட நீர்மோர், தண்ணின்னு சொன்னாங்க. டாபாவை மூணு நாள் முன்னாடியே நிறுத்தி, பழையபடி சாப்பாட்டுக்கு வந்தப்புறம்தான் ஆரம்பிக்கணும். காம்பினேஷன் மாத்திரைக்கு பதிலா வெறும் மெட்ஃபார்மின், அதுவும் ராத்திரி சாப்பாட்டோட. இது எனக்கு எழுதிக் குடுத்தது, பாத்துட்டு நீங்களா நிறுத்தினா நான் பொறுப்பில்ல. உங்க அட்டைய எடுத்துட்டு உங்க டாக்டர்கிட்ட போங்க.

ரெண்டாவது சென்சாரை சஷ்டிக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒட்டிட்டேன், ஏன்னா முதல் நாள் அது உளறும். முதல் 24 மணி நேரத்துல என் மீட்டர் 124ன்னா அது 98ங்கும். மீட்டரும் தேவவாக்கு இல்ல, 100க்கு மேல 15 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம்னு ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டே விட்டுக்குடுக்குது, அதனால பத்து பாயிண்ட் வித்தியாசத்துக்கெல்லாம் கஸ்டமர் கேருக்கு போன் பண்ணாதீங்க.

சஷ்டி ஆறு நாள் கிராஃப் இருக்கே, 4,900 ரூபாயும் அதுக்கே போச்சுன்னு நினைக்கறேன். ராத்திரி ஏழரைக்கு கொஞ்சம் சாதம், பூசணிக்கா கூட்டு, மொச்சை சுண்டல். பத்து மணிக்கு 150 தொட்டு இறங்கி, நடுராத்திரி 115ல படுத்துடும். காலைல நாலு மணிலேர்ந்து தானா ஏறும், எட்டு மணிக்கு 149. பச்சத் தண்ணி பல்லுல படல, எங்கேர்ந்து வந்துச்சு 149? கல்லீரல்லேர்ந்து. விடியக்காலைல உடம்பு எழுந்திருக்கறதுக்கு சில ஹார்மோன் சுரக்கும், அது கல்லீரல்கிட்ட சக்கரைய எடுத்து விடுன்னு சொல்லும், அதுகிட்ட நூறு கிராம் மாதிரி சேமிப்பு இருக்கும். சுகர் இல்லாதவங்களுக்கு உடனே இன்சுலின் வந்து சமாளிச்சுடும், நமக்கு அந்த ஆள் லேட்டா வருவார். ஒன்பது வருஷமா காலைல வெறும் வயித்து ரிப்போர்ட்டைப் பாத்து "ராத்திரி என்ன தின்ன"ன்னு வீட்டுக்காரர் என்னைக் கேட்டிருக்கார், அந்த கிராஃபை அவர் மூஞ்சிக்கு நேரா காட்டினேன். சண்டை ஒண்ணு முடிஞ்சுது. காலைல கோயிலுக்கு நடந்து போய் பிராகாரம் சுத்திட்டு வந்தா 120க்கு வந்துடும், அதையும் காட்டுச்சு.

நாளாக நாளாக காலை ஏத்தம் குறைஞ்சுது. நாலாவது நாள் 126, அஞ்சாவது நாள் 118. பகல் முழுக்க 85க்கும் 100க்கும் நடுவுல தரையோட தரையா ஒரு கோடு. மத்தியானம் மூணு மணிக்கு பசி வரும், அஞ்சு மணிக்கு போயிடும், தலைவலி ரெண்டாவது நாள் மட்டும், மோர்ல உப்பு கூட்டினதும் சரியாச்சு. எழுபதுக்கு கீழ ஒரு தடவை கூட போகல.

பொய், ஒரு தடவை போச்சு. மூணாவது நாள் ராத்திரி மூணு மணிக்கு அலாரம் அலறுது, 54ன்னு காட்டுது. வீடே எழுந்துடுச்சு, அத்தை திருநீறு எடுத்துட்டு வர்றாங்க, பையன் சக்கரை டப்பாவோட ஓடிவர்றான். எனக்கு வேர்வையும் இல்ல நடுக்கமும் இல்ல, தூக்கம்தான் வருது. விரல்ல குத்தினா 109. சென்சார் இருக்கற கை மேலயே படுத்துட்டேன், அழுத்தத்துல அந்த இடத்துக்கு ரத்தம் சரியா வராம அது சுகர் இல்லன்னு நினைச்சுடுச்சு. நேரா படுத்ததும் இருபது நிமிஷத்துல தானா 112. அதுக்கப்புறம் மூணு நாள் ராத்திரி அந்தப் பக்கம் ஒரு தலகாணி அண்டக் குடுத்துதான் தூங்கினேன்.

அஞ்சாவது நாள் ஒரு பரிசோதனை பண்ணேன். வருஷா வருஷம் நான் இருந்தது பால் பழ விரதம், ரெண்டு வாழைப்பழம், தேன் விட்ட பால், அதானே விரத ஆகாரம், அது சாப்பாட்டுல சேத்தியே இல்லன்னு நினைப்பு. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு பதிலா அதை சாப்ட்டேன். 96ல இருந்தது அம்பது நிமிஷத்துல 214. சாதம் கூட்டு சுண்டலுக்கு 150. இருபத்தஞ்சு வருஷ பால் பழம். நான் ஒண்ணும் சொல்லல, போனை அத்தைகிட்ட காட்டினேன், அவங்களும் ஒண்ணும் சொல்லல.

சூரசம்ஹாரம் முடிஞ்சு மறுநாள் திருக்கல்யாணம் பாத்துட்டு விரதம் முடிச்சோம். டாக்டரம்மா சொன்னபடி முதல்ல சுண்டல், காய், அப்புறம்தான் மத்தது. அப்படியும் கோயில்ல ஒரு தொன்னை சக்கரைப் பொங்கல் குடுத்தாங்க, பிரசாதம் வேணாம்னு எப்படி சொல்றது, பாதி சாப்ட்டு பாதிய பையனுக்கு தள்ளினேன், 231. ஆறு நாள் வயித்தைக் காயப்போட்டதுக்கு அப்புறம் உடம்பு சக்கரைய இன்னும் மோசமாதான் வாங்குது போல, சாதாரண நாள்ல இதே அளவுக்கு 190 பக்கம்தான் நிக்கும். எடை 2.8 கிலோ குறைஞ்சு, தீபாவளி பட்சணம் மிச்சம் எல்லாம் தீர்றதுக்குள்ள ஒண்ணரை கிலோ திரும்ப வந்துடுச்சு. மூணு மாச ஆவரேஜ், எச்பிஏ1சி, ஆடில 8.1 இருந்தது மார்கழில 7.4. சஷ்டியால இல்ல, ரெண்டு இட்லியும் சுண்டலும்தான்னு நான் நினைக்கறேன், டாக்டரம்மாவும் அதேதான் சொன்னாங்க.

சரி, வாங்கலாமா? மாசாமாசம் வாங்கற சாமான் இல்ல இது, ஒரு சென்சார் காசுல விரல்ல குத்திப் பாக்கற மீட்டருக்கு 250 ஸ்ட்ரிப்புக்கு மேல எனக்கு வரும். இன்சுலின் போடறவங்க, அடிக்கடி லோ ஆகறவங்க கதை வேற, அவங்களுக்கு அது உயிர். என்னை மாதிரி மாத்திரைக்காரங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு, அதுவும் ஏதாவது கேள்வி வெச்சுகிட்டு ஒட்டினாதான் காசு செரிக்கும். சும்மா ஒட்டினா 14 நாளும் போனையே வெறிச்சுட்டு இருப்பீங்க, எனக்கு முதல் வாரம் அதான் ஆச்சு, ரெண்டு பாயிண்ட் ஏறினாலே நெஞ்சு படபடங்கும். கஸ்டமர் கேர் பரவால்ல, ஆடில பிஞ்சதுக்கு போட்டோ கேட்டாங்க, அனுப்பினேன், மாத்து பீஸ் ஆறாவது நாள் வந்துச்சு. அதுதான் இப்ப அலமாரில இருக்கு, எக்ஸ்பயரி இன்னும் மூணு மாசம்.

பேக்கேஜ்காரங்க பணம் திருப்பித் தரல. பாதியாவது குடுங்கன்னு மெயில் போட்டதுக்கு, நான் 72 மணி நேரத்தை முடிக்காததால "ப்ரோக்ராம் இன்கம்ப்ளீட்"னு பதில் வந்துச்சு.

அலமாரில இருக்கறதை தைப்பூசத்துக்கு ஒட்டிக்கலாம்னு இருக்கேன். புது ஜாக்கெட்டு ரெண்டு தைக்கக் குடுத்திருக்கேன், டெய்லர்கிட்ட இடது கைய மட்டும் முக்கால் இன்ச் லூசா வைங்கன்னேன். "ஏம்மா, வலது கை என்ன பாவம் பண்ணுச்சு?"ங்கறார்.